அரவிந்த் கண் மருத்துவமனை: இலவச சிகிச்சைக்கு நடுவே படிப்பும் ஆராய்ச்சியும் எதற்கு?

கேள்வி இதுதான். மதுரை அரவிந்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ அறுவை சிகிச்சை நடக்கிறது. அப்படியிருக்க மருத்துவ மேற்படிப்பு, ஆராய்ச்சி நிலையம் என்று ஏன் செலவை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும்? அந்தப் பணத்தையும் நோயாளிகளுக்கே போட்டால் இன்னும் பல பேருக்குப் பார்வை கிடைக்குமே? இதே மாதிரி மற்ற மருத்துவமனைகள் ஏன் செய்வதில்லை?

மருத்துவமனை நிர்வாகம் பாடம் எடுக்கிற எனக்கு, வகுப்பில் ஏதாவது ஒரு உருவில் இந்தக் கேள்வி வந்துவிடும். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் சிகிச்சை என்றால் வரவு, படிப்பும் ஆராய்ச்சியும் செலவு என்ற கணக்கை மனதில் வைத்துக்கொண்டுதான் இதைக் கேட்கிறார்கள். அரவிந்தில் கணக்கு அப்படி ஓடவில்லை. அங்கே சிகிச்சை மலிவாகவும் தரமாகவும் இருப்பதில் படிப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நேரடியான பங்கு இருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

ஆரம்பத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பலருக்கும் தெரிந்த கதைதான். கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-ல் எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை ஸ்டான்லி கல்லூரியில் மருத்துவம் படித்தார். பிரசவத்தில் உறவுப் பெண்கள் இறந்ததைப் பார்த்து மகப்பேறு மருத்துவர் ஆக நினைத்தவரை முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின. மகப்பேறு மருத்துவம் முடியாது என்றானதும் கண் மருத்துவத்துக்கு மாறினார். அந்த விரல்களுக்கு ஏற்றபடி கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை செய்யப் பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சம் அறுவை சிகிச்சைகளைத் தாண்டினார். 1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவர். 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-ல் 11 படுக்கைகளுடன் ஒரு வீட்டில் அரவிந்தைத் தொடங்கினார். வங்கிக் கடன் கிடைக்கவில்லை. குடும்பத்தாரின் நகைகள் அடகுக்குப் போயின. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி, தம்பி ஸ்ரீனிவாசன் என்று குடும்பமே இறங்கி வேலை செய்தது.

இந்தக் கதையில் பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. டாக்டர் வி. என்று எல்லோரும் அழைக்கிற அந்த மனிதர், அரவிந்தைத் தொடங்கும்போதே இருபது ஆண்டுகள் கண் மருத்துவம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அரசுப் பணியில் இருந்தபோது கிராமம் கிராமமாகக் கண் முகாம் நடத்தியவர். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு முகாமுக்குப் போவதும், முகாமில் கண்டதை வகுப்பில் பேசுவதும் அவருக்குப் பழகிப்போன வேலைமுறை. ஆகவே முதலில் மருத்துவமனை கட்டிவிட்டு, வசதி வந்த பிறகு கல்லூரியை ஒட்டவைத்தார்கள் என்று நினைப்பது சரியல்ல. ஆசிரியப் பழக்கம் முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது.

இனி பணம். கட்டணப் பிரிவு தனி, இலவசப் பிரிவு தனி. வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று எதையும் காட்டச் சொல்வதில்லை. எந்த வாசலில் நுழைவது என்பது நோயாளியின் விருப்பம். கட்டணப் பிரிவில் தனி அறை உண்டு, ஏ.சி. உண்டு, மடங்கும் லென்ஸில் விலைக்கேற்ற ரகங்கள் உண்டு. இலவசப் பிரிவில் பொது வார்டு, எளிய வசதி. மருத்துவர்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி வேலை பார்க்கிறார்கள். பணம் கட்டுகிறவர்களிடம் வாங்குவதும் வெளிச்சந்தையில் வாங்குவதைவிடக் குறைவுதான். அதில் மிஞ்சுவதிலிருந்துதான் இலவசப் பிரிவும் புதுக் கட்டடங்களும் நடக்கின்றன. தேனி 1985, திருநெல்வேலி 1988, கோவை 1997, புதுச்சேரி 2003 என்று கிளைகள் வந்தன. பிறகு சேலம், சென்னை, திருப்பதி. அன்றாடச் செலவுக்கு நன்கொடையை எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருப்பதில்லை. முகாம் மூலம் செய்யும் அறுவைகளுக்குப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில் அரசு ஒரு தொகை தருகிறது. அது செலவின் ஒரு பகுதிக்குத்தான் ஆகும்.

பணக்காரர் கட்டுகிறார், ஏழைக்குக் கிடைக்கிறது என்று இதோடு விளக்கத்தை முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் முடிப்பதில்லை. ஒரு அறுவைக்கு ஆகும் அடக்கச் செலவு அதிகமாக இருந்தால், நாலு பேர் கட்டுகிற பணத்தில் ஆறு பேருக்கு இலவசமாகச் செய்ய எந்தக் கணக்கப்பிள்ளையாலும் முடியாது. அடக்கச் செலவு எப்படி இறங்கியது என்பதுதான் பார்க்கவேண்டிய இடம்.

கண்ணின் இயற்கை லென்ஸ் மங்கிப்போகிற கண்புரைக்கான அறுவை அரங்கிலிருந்து தொடங்கலாம். வரிசையாக மேசைகள். ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைச் சுற்றித் துடைத்து, துணி போர்த்தி, இமைகளை விலக்கிப் பிடிக்கும் கிளிப்பைப் போட்டுத் தயாராக வைத்திருக்கிறார்கள். முதல் கண்ணில் லென்ஸ் வைத்து முடித்ததும் சர்ஜன் மைக்ராஸ்கோப்பை அந்தப் பக்கம் திருப்பி அடுத்த கண்ணைத் தொடங்குகிறார். கருவித் தட்டு மாறுகிறது. கை தேர்ந்தவருக்கு ஒரு கண்ணுக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. அங்கே ஒரு சர்ஜன் ஆண்டுக்குச் சுமார் 2,000 அறுவை செய்கிறார் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. நாட்டில் பொதுவாக ஒரு கண் சர்ஜன் செய்வது அதில் ஒரு சிறு பங்குதான். அரவிந்த் முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு 4 லட்சத்துக்கும் மேல்.

சர்ஜன் வேகமாகக் கையை ஓட்டுவதால் இது நடப்பதில்லை. அவர் செய்யவேண்டாத எதையும் அவரிடம் விடாததால் நடக்கிறது. பார்வை அளப்பது, கண் பிரஷர் பார்ப்பது, லென்ஸ் பவருக்கு அளவெடுப்பது, சொட்டு மருந்து விடுவது, அறுவை என்றால் என்ன என்று நோயாளிக்கும் கூடவந்த மகனுக்கும் பொறுமையாகச் சொல்வது, தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுப்பது எல்லாம் சிஸ்டர்கள் கையில். இவர்கள் நர்சிங் படித்து வந்தவர்கள் அல்ல. பெரும்பாலும் கிராமத்துக் குடும்பங்களிலிருந்து பிளஸ் டூ முடித்து வருகிற பெண்கள். உதவித்தொகையோடு இரண்டு ஆண்டுப் பயிற்சியை அரவிந்தே கொடுத்து வேலையிலும் எடுத்துக்கொள்கிறது. மொத்த ஊழியர்களில் பெரும்பகுதி இவர்கள்தான். கல்வி என்றதும் எம்.எஸ்., அதற்கு மேல் சிறப்புப் பயிற்சியான ஃபெலோஷிப் என்றுதான் நம் நினைவு போகும். அரவிந்தின் மிகப் பெரிய கல்வி வேலை என்று என்னைக் கேட்டால் இந்தப் பயிற்சியைத்தான் சொல்வேன். இதை எடுத்துவிட்டால் இரண்டு மேசை ஏற்பாடு மறுநாளே நின்றுவிடும்.

அடுத்து லென்ஸ். 1980-களில் கட்டணம் கட்டியவருக்குக் கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைத்தார்கள். இலவச நோயாளிக்குப் பெரும்பாலும் புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள். கண்ணாடி உடைந்தால் அந்த ஆள் மறுபடி குருடர்தான். வெளிநாட்டு லென்ஸ் ஒன்று 100 டாலர் அளவில் விற்றது. இந்த இரண்டு தரத்தை ஏற்காமல் 1992-ல் பார்வையிழப்பைக் குறைக்க உழைக்கும் அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை, அதோடு சேர்ந்து வேலை செய்த டேவிட் கிரீன் போன்றவர்களின் உதவியோடு மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரோலேப் தொடங்கப்பட்டது. விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு அதற்கும் கீழே போனது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அந்த லென்ஸ் போகிறது. தையல் நூல், பிளேடு, சொட்டு மருந்து, கண் அழுத்த நோயான கிளாகோமாவுக்கு வைக்கும் வடிகுழாய் என்று மற்ற பொருட்களும் சேர்ந்தன. வெளியூர் நிபுணர்கள் இதெல்லாம் இங்கே முடியாது என்று சொன்ன காலம் அது. முதல் நாளே ஆயிரக்கணக்கில் வாங்கிப் பயன்படுத்தி, குறை இருந்தால் உடனே சொல்கிற சர்ஜன்கள் பக்கத்திலேயே இருந்ததால்தான் அந்தத் தொழிற்சாலை நிமிர்ந்தது.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன்: படிப்பும் ஆராய்ச்சியும் நோயாளிக்கு என்ன செய்தன? மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, பயிர்க்காட்டில் படுகிற அடி. கதிர் அறுக்கும்போது நெல் தாளோ, உமியோ, சோளத் தட்டையோ கருவிழியில் கீறிவிடும். அதில் பூஞ்சை பிடித்தால் இரண்டு மூன்று நாளில் கண் சிவந்து, கருவிழியில் வெள்ளையாகப் புண் தெரியும். ஊரில் சிலர் தாய்ப்பால் விடுவார்கள், சிலர் இலைச்சாறு. மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்து கொடுத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். அரவிந்தின் டாக்டர் எம். ஸ்ரீனிவாசனும் (மேலே சொன்ன தம்பி ஸ்ரீனிவாசன் வேறு) உடன் பணியாற்றியவர்களும் 1994-ல் மூன்று மாதங்களில் மதுரைக்கு வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை ஆராய்ந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் கண்ணில் அடிபட்டு வந்தவர்கள். கிருமி வளர்ந்து தெரிந்தவர்களில் பாதிக்குப் பாதி பூஞ்சை. மேற்கத்திய நாடுகளில் இந்த நோய் அரிது. அரிது என்பதால் அங்கே மருந்து தேட ஆளும் இல்லை, ஒரு மருந்தைப் பரிசோதிக்கப் போதுமான நோயாளிகளும் இல்லை. மதுரை மாவட்டத்தில் கருவிழிப் புண் வருகிற விகிதம் அமெரிக்காவில் கணக்கிட்டதைப்போலப் பத்து மடங்கு.

பல ஆண்டுகளாக நாட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்துதான் இதற்குக் கைகண்ட மருந்து. 2000-க்குப் பிறகு வோரிகோனசோல் என்ற புதிய மருந்து வந்தது. கண்ணுக்குள் நன்றாக ஊடுருவும், ஆய்வுக்கூடத்தில் பல பூஞ்சைகளைக் கொல்கிறது என்று கேட்ட மருத்துவர்கள் பலர் அதற்கு மாறத் தொடங்கினார்கள். எது உண்மையில் நல்லது என்று யாரும் ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்திருக்கவில்லை. அரவிந்தும் சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கண் ஆய்வு அமைப்பான பிராக்டர் அறக்கட்டளையும் சேர்ந்து 323 நோயாளிகளிடம் இரண்டையும் முறைப்படி ஒப்பிட்டுப் பார்த்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பழைய நாட்டாமைசின்தான் ஜெயித்தது. ஃபியூசேரியம் வகைப் பூஞ்சை பிடித்தவர்களில் வித்தியாசம் கணிசமாக இருந்தது: பார்வை அட்டையில் சுமார் நான்கு வரி. கருவிழி ஓட்டையாகிவிடுவதும் நாட்டாமைசின் போட்டவர்களிடம் குறைவு. நான்கு வரி என்றால், பஸ் நம்பர் தெரிவதற்கும் தெரியாததற்கும் உள்ள தூரம். ஒரு விவசாயக் கூலிக்கு அது வேலைக்குப் போவதற்கும் திண்ணையில் உட்காருவதற்கும் உள்ள தூரம். இந்த ஆய்வுக்குப் போட்ட பணத்தை அறுவை சிகிச்சைக்குத் திருப்பியிருந்தால் சில ஆயிரம் புரை எடுத்திருக்கலாம். ஆனால் பூஞ்சைப் புண்ணோடு வந்த பலருக்கும் தவறான மருந்தைப் போட்டுக்கொண்டே இருந்திருப்போம், நம் ஊரில் மட்டுமில்லை, நெல் விளைகிற எல்லா நாட்டிலும்.

இரண்டாவது, அறுவைக்குப் பிறகு கண்ணுக்குள் கிருமி புகுவது. புரை அறுவையில் சர்ஜன்கள் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். வந்தால் பார்வை போய்விடலாம். ஆனால் வருவது மிக அரிது. அரிதாக இருப்பதே ஆராய்ச்சிக்குச் சிக்கல். ஆண்டுக்கு 5,000 அறுவை செய்கிற மருத்துவமனையில் மூன்று நாலு பேருக்கு வரலாம். ஏதோ மாற்றம் செய்தபின் அடுத்த ஆண்டு ஒருவருக்குத்தான் வந்தது என்றால், மாற்றத்தின் பலனா, அதிர்ஷ்டமா என்று சொல்லவே முடியாது. அரவிந்தில் அறுவை முடியும் தருவாயில் மாக்ஸிஃப்ளாக்சசின் மருந்தைக் கண்ணுக்குள்ளேயே சிறிதளவு செலுத்தும் முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். டாக்டர் அரவிந்த் ஹரிப்பிரியாவும் குழுவினரும் 2014 முதல் 2016 வரை நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். மருந்து செலுத்தாதவர்களில் தொற்று 0.07 சதவீதம், செலுத்தியவர்களில் 0.02 சதவீதம். பத்தாயிரம் பேரில் ஏழு பேராக இருந்தது இரண்டு பேராகியது. ஆண்டுக்கு 4 லட்சம் அறுவை என்றால் அந்த வித்தியாசம் இருநூறு கண்கள். மருந்து ஆரோலேபில் தயாரானது, நோயாளிகள் அங்கேயே இருந்தார்கள், கணக்கு எழுதும் பழக்கமும் இருந்தது. இவற்றில் ஒன்று குறைந்திருந்தாலும் இந்த ஆய்வு நடந்திருக்காது.

மூன்றாவது, வராதவர்களை எண்ணியது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. இலவசம் என்று சொன்னால் ஊரே திரண்டு வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1980-களில் நடத்திய ஒரு ஆய்வில், அறுவை இலவசம் என்பது மட்டும் போதவில்லை என்று தெரிந்தது. பஸ் செலவு, சாப்பாடு, கூட வருகிறவரின் ஒரு நாள் கூலி எல்லாம் ஏழைக்குச் செலவுதான். முகாம் நோயாளிகளை வண்டியில் கூட்டிவந்து, சாப்பாடு போட்டு, அறுவை முடிந்து ஊரிலேயே கொண்டுபோய் விடும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இந்தப் புரிதல் இருக்கிறது. அப்படியும் 1999-ல் வெளியான இன்னொரு ஆய்வு, முகாம் நடந்த கிராமங்களில் கண் கோளாறு இருந்தவர்களில் 7 சதவீதத்துக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்தார்கள் என்று சொன்னது. முகாமில் கூட்டம் அலைமோதிய புகைப்படங்களை மாட்டிவைத்துத் திருப்திப்பட்டுக்கொள்கிற நிறுவனமாக இருந்தால் இந்த எண் கண்ணில் பட்டிருக்காது. வீடு வீடாகப் போய் வராதவர்களைக் கேட்டதால்தான் கிடைத்தது.

அதன் விளைவாக 2004-லிருந்து கண் பரிசோதனை மையங்கள் வந்தன. சிறிய ஊரில் கடைத்தெருவில் ஒரு சின்ன இடம். பயிற்சி பெற்ற சிஸ்டர்கள் கண்ணைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப, பெரிய மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்கிறார். தேனிப் பக்கம் இணைய வசதி இல்லாத அந்தக் காலத்தில், பெர்க்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று தூரம் தாண்டும் வைஃபை இணைப்பை அமைத்துக் கொடுத்தது. இப்போது இப்படிப்பட்ட மையங்கள் நூற்றுக்கும் மேல். கண்ணாடி மட்டும் தேவைப்படுகிற ஆள் மதுரைக்குப் போய் ஒரு நாளைத் தொலைக்க வேண்டியதில்லை.

இனி சங்கடமான கேள்விக்கு வருகிறேன். கற்றுக்கொள்கிற மருத்துவர் யார் கண்ணில் கற்றுக்கொள்கிறார்? பயிற்சி நடப்பது பெரும்பாலும் இலவசப் பிரிவில்தான். ஏழையின் கண் பயிற்சிக்கூடமா என்று கேட்டால், கேட்கவேண்டிய கேள்விதான் என்பேன். உலகில் எந்தப் போதனா மருத்துவமனையும் இதற்கு விலக்கில்லை. நம் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் அப்படித்தான். என்னைப் பொறுத்தவரை பார்க்கவேண்டியது, அந்த நிறுவனம் இதை மூடி மறைக்கிறதா, அளந்து திருத்துகிறதா என்பது. 2012-ல் அரவிந்த் மருத்துவர்கள் 79,777 புரை அறுவைகளின் கணக்கை வெளியிட்டார்கள். அறுவையின்போது சிக்கல் ஏற்பட்டது நிரந்தர சர்ஜன்களிடம் 0.79 சதவீதம், ஃபெலோக்களிடம் 1.19, மேற்படிப்பு மாணவர்களிடம் 2.06, வெளியிலிருந்து பயிற்சிக்கு வந்தவர்களிடம் 5 சதவீதம். தன் வீட்டுக் குறையை இப்படி எண் போட்டு அச்சில் கொடுக்கும் மருத்துவமனைகள் மிகக் குறைவு. அந்தக் கணக்கிலிருந்து ஒரு பாடமும் கிடைத்தது. கற்றுக்குட்டிகளின் கையில், விலை உயர்ந்த மெஷின் வைத்துச் செய்யும் ஃபேகோ முறையைவிடச் சிறு கீறலில் கையால் செய்யும் தையலில்லா முறையில் சிக்கல் வெகுவாகக் குறைந்தது. ஆகவே முதலில் அதைக் கற்றுக்கொடுங்கள், பிறகு மெஷினைத் தொடவிடுங்கள் என்று சொல்ல ஆதாரம் கிடைத்தது. மெஷின் வாங்க வசதியில்லாத நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படி வந்து கற்றுக்கொள்வதற்கென்றே 1992-ல் லயன்ஸ் சங்கத்தின் உதவியோடு லைக்கோ என்ற நிறுவனம் மதுரையில் தொடங்கப்பட்டது. மற்ற கண் மருத்துவமனைகளின் ஆட்களை வரவழைத்து, கணக்குவழக்கு முதல் தியேட்டர் அட்டவணை வரை சொல்லிக்கொடுத்து அனுப்புகிறார்கள். போட்டி மருத்துவமனைக்கே தொழில் ரகசியத்தைச் சொல்லிக்கொடுப்பதா என்று என் மாணவர்கள் ஆச்சரியப்படுவார்கள். பார்வையிழப்பைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

பணக் கேள்விக்கு மிச்ச பதில். ஆராய்ச்சியின் பெரும் செலவு நோயாளி கட்டும் பணத்திலிருந்து எடுக்கப்படுவதில்லை. பூஞ்சைப் புண் ஆய்வுக்கு அமெரிக்க தேசிய கண் ஆய்வு நிறுவனம் பணம் கொடுத்தது. இந்திய அரசின் ஆராய்ச்சி அமைப்புகள் தருகின்றன, அறக்கட்டளைகளும் தருகின்றன. டாக்டர் வி. பெயரில் 2008-ல் ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. அதே ஆண்டு கேட்ஸ் அறக்கட்டளையின் உலக சுகாதார விருதும், 2010-ல் ஹில்டன் மனிதநேயப் பரிசும் வந்தன. இரண்டுமே பெரிய தொகை. அவற்றைப் பார்க்க டாக்டர் வி. இல்லை, 2006-லேயே காலமாகிவிட்டார். மேற்படிப்பு மாணவர்களோ படித்துக்கொண்டே ஓ.பி.யிலும் வார்டிலும் முகாமிலும் வேலை செய்கிறார்கள். ஆக, இந்த இரண்டும் நோயாளியின் பங்கிலிருந்து பிடுங்குவதைவிட அவருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அதிகம்.

மற்றவர்கள் ஏன் செய்வதில்லை? செய்கிறார்கள், வேறு வழியில். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய சின்ன மருந்தகம், பெண் மருத்துவர்கள் போதவில்லை என்பதால் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி ஆனது. அங்கேயும் தேவைதான் கல்லூரியைக் கொண்டுவந்தது. பிற்காலத்தில் அங்கே ஆராய்ச்சி செய்த டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் வேலூர்க் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்து, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் பற்றிச் செய்த வேலை நாட்டின் தடுப்பூசிக் கொள்கை வரை போனது. ஆனால் சி.எம்.சி. பொது மருத்துவமனை. புற்றுநோய்க்கும் சிறுநீரக மாற்றுக்கும் வருகிறவருக்குப் பத்து நிமிட அறுவை கிடையாது; அங்கே கட்டணமும் சலுகையும் வேறு விதமாகத்தான் ஓடமுடியும்.

அரவிந்துக்குச் சாதகமாக இருந்தது புரையின் குணம். ஒரே அறுவை, கொஞ்ச நேரம், கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே மாதிரி முறை, மறுநாளே பலன், வாழ்நாள் மருந்து கிடையாது. அரவிந்த் முறையை அப்படியே இருதயத்துக்கும் பிரசவத்துக்கும் கொண்டுபோகலாம் என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை. இன்னொன்று, இந்த வேலைமுறை அந்த சிஸ்டர்களின் உழைப்பின் மேல் நிற்கிறது. கிராமத்துப் பெண்ணுக்கு மரியாதையான வேலையும் கைத்தொழிலும் கிடைக்கிறது என்பது உண்மை. கல்யாணமானதும் பலர் வேலையை விட்டுவிடுகிறார்கள், மறுபடி புதிதாகப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. இதைப் பின்பற்ற நினைக்கிறவர்கள் அந்தப் பெண்களின் சம்பளத்தையும் பதவி உயர்வையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டுத் தொடங்கவேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. டாக்டர்களுக்கும் கார்ப்பரேட் மருத்துவமனைகள் தருகிற சம்பளம் இங்கே கிடையாது. கற்றுக்கொள்ள இத்தனை நோயாளிகளும், ஆராய்ச்சி செய்ய வசதியும் வேறு இடத்தில் கிடைக்காது என்பதால்தான் பலர் வருகிறார்கள், இருக்கிறார்கள். இதுவும் படிப்பும் ஆராய்ச்சியும் சிகிச்சைக்குச் செய்கிற உதவிதான்.

இடையில் ஒன்று. சிக்கனத்தை நாம் தரக்குறைவு என்றே எடுத்துக்கொள்கிறோம். ஒரு ஃபேகோ அறுவையால் காற்றில் கலக்கும் கரியமில வாயுவை அளந்து 2017-ல் ஒரு ஆய்வு வந்தது. அரவிந்தில் அது பிரிட்டனில் ஆவதில் சுமார் இருபதில் ஒரு பங்கு. குப்பை ஒரு அறுவைக்குக் கால் கிலோ. துணிகளைத் துவைத்து, கருவிகளைச் சுத்திகரித்து, ஒரு சொட்டு மருந்துப் புட்டியைப் பலருக்குப் பயன்படுத்துகிறார்கள். தொற்று விகிதமோ மேலே சொன்னபடி மிகக் குறைவு. ஒருமுறை பயன்படுத்தி எறிந்தால்தான் பாதுகாப்பு என்று விதி வைத்திருக்கும் பணக்கார நாட்டு மருத்துவர்கள் இன்று இந்த எண்களைக் காட்டித் தங்கள் விதிகளைக் கேள்வி கேட்கிறார்கள்.

இனி வரும் சோதனை சர்க்கரை நோய். அதில் விழித்திரை கெடுவது புரை மாதிரி ஒரே நாளில் சரிசெய்கிற விவகாரமில்லை. பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கொரு முறை விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். தேவைப்பட்டால் லேசர், பிறகு மாதக்கணக்கில் ஊசி. கண் நன்றாகத் தெரிகிறவரை முகாமுக்குக் கூப்பிட்டால் எதற்கு வரவேண்டும் என்பார். அந்தப் படங்களைப் பார்த்துச் சொல்லும் விழித்திரை நிபுணர்களும் போதாது. 2016-ல் கூகுள் குழு, கணினியே படத்தைப் பார்த்து விழித்திரைப் பாதிப்பைக் கண்டுபிடிக்கும் என்று காட்டியபோது, அந்தக் கணினி பயின்ற 1,28,175 படங்களில் ஒரு பகுதி அரவிந்த், சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய மூன்று இடங்களிலிருந்து போனவை. பிறகு அரவிந்திலும் சங்கர நேத்ராலயாவிலும் நேரடி நோயாளிகளிடம் அதைப் பரிசோதித்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற மனிதர்கள் பார்த்துச் சொன்னதற்கு அது குறையவில்லை. மருத்துவர் இல்லாத கடைத்தெரு மையத்தில் படம் எடுத்த அன்றைக்கே முடிவு சொல்ல இது வழிவிடுகிறது. ஆனால் பாதிப்பு இருக்கிறது என்று தெரிந்தவர் பெரிய மருத்துவமனைக்குப் போகிறாரா, லேசருக்குப் பிறகு அடுத்த ஆண்டும் வருகிறாரா என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளாது. 1999-ல் செய்ததுபோல, வராதவர்களின் வீட்டுக்கு மறுபடி யாராவது போய்க் கேட்கவேண்டியிருக்கும்.